ஏழாவது காப்பு

ஈரக்கல்லுத் தேயிலைத் தோட்டத்தில் மாரிசாமி என்ற பேரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவன் மேல் லயத்து மாரிசாமி. இன்னொருவன் செவிட்டு மாரிசாமி. மூன்றாமவனுக்கு வாய்த்த பேர் ‘போதும்’ மாரிசாமி. அந்தப் பேரை வைத்தவள் அவன் பெண்டாட்டி இராக்கம்மாவேதான். கோபத்தில் வைத்த பேர் என்றாலும் அச்சாகப் பொருந்திவிட்டதால் தோட்டமே அதை எடுத்துக்கொண்டது.

சோறு போட்டால் முதல் அகப்பைக்கே போதும் என்பான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற மலையில் மற்றவர்கள் நல்ல நிரை கேட்டுக் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவன் மிச்சமாய்க் கிடக்கிற கல்லு நிரையில் போய்க் குனிந்துவிடுவான். ஒருதரம் லய வரிசையில் அவர்கள் குடியிருந்த காம்பராவின் கூரைத் தகரம் ஓட்டையாகி அடுப்புக்கு நேரே ஒழுகியது. கங்காணியிடம் போய்ச் சொல் என்று இராக்கம்மா ஒரு மாசம் கத்தினாள். அவன் ஒழுகுகிற இடத்தில் பானையை வைத்துவிட்டு, “பீலிக்குத் தண்ணிக்குப் போற வேலை மிச்சம் புள்ள” என்றான். இப்படிப்பட்ட மனுசனோடு குடித்தனம் செய்கிறவளுக்குத் தலை நரைக்காமல் என்ன செய்யும்?

இராக்கம்மாவின் வாயில் குடியிருந்த சொல் ‘பத்தாது’. ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தப்பு முழங்குவதற்கு ஒரு நாழிகை முன்பே எழுந்து, தேத்தண்ணி கொதிக்கவைத்து, ரொட்டி தட்டி, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு முதல் ஆளாய்ப் போய் நிற்பாள். கூடை நிறைந்தால் பத்தாது. மற்றவர்களைவிட நாலு றாத்தல் கூடக் கொழுந்து எடுத்தால் அதுவும் பத்தாது. வெயில் அடித்தால் கொழுந்து கருகிவிடும் என்பாள், மழை பெய்தால் விறகு நனைந்துவிடும் என்பாள். யாரோ கம்பு எடுத்துக்கொண்டு பின்னால் துரத்துகிற மாதிரி ஒரு நடை. உட்கார்ந்து அவளைப் பார்த்தவர்கள் தோட்டத்தில் இல்லை.

அவளைக் குறை சொல்ல முடியுமா? மூன்று பெற்று மூன்றையும் மண்ணுக்குக் கொடுத்தவள். மூத்தவள் பேச்சி, நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொண்ட வயசில் கழிச்சலில் போனாள். அடுத்தவன் முத்துக்கருப்பன், தவழ்ந்து வாசற்படி தாண்டிய மாசத்தில் காய்ச்சலில் போனான். மூன்றாவது பெண் குழந்தை, பிறந்த மூன்றாம் நாள் கண் திறக்காமலே போய்விட்டது. பதினாறாம் நாள்தான் பேர் வைக்கிற வழக்கம். ஆகையால் அதற்குப் பேரும் இல்லை.

அந்த மூன்றாவது குழந்தையைத் துண்டில் சுற்றி, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மாரிசாமி தனியாகத்தான் மலைக்கு மேலே போனான். திரும்பி வந்தான். மண்வெட்டியைப் பீலியில் கழுவிச் சாத்தினான். உள்ளே வந்து, “சோறு இருக்கா புள்ள?” என்றான்.

இராக்கம்மா அந்தக் கேள்வியை மன்னிக்கவே இல்லை. அன்று பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து வைத்த சோற்றைத் தட்டில் போட்டுத் தள்ளினாள். அவன் இரண்டு வாய் அள்ளித் தின்றுவிட்டு “போதும்” என்று தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். சோற்றைக் கொட்டினால் பாவம் என்பதற்காக, பிள்ளை பிறந்ததிலிருந்து கிடந்த மூன்று நாள் பட்டினிக்கு மேலே, அந்த மீதியை அவள் தின்றாள். தின்றுகொண்டே நினைத்தாள்: இவனுக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா, இல்லை அந்த இடத்தில் கருங்கல்லா?

அடுத்த வருஷம் நாலாவது வயிற்றில் இருந்தபோது மாசி மாசம். தோட்டத்துக் காமன் திடலில் மன்மதனை எரித்த சாம்பல் சூடு ஆறவில்லை. நிறைவயிற்றோடு போன இராக்கம்மா அந்தச் சாம்பலைக் கையில் அள்ளி, “இந்தப் பிள்ளை எனக்குத் தங்குனா, ஏழு வருசம் எம் புருசன் ரதி வேசம் கட்டுவான் சாமி” என்று நேர்ந்துவிட்டாள். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் அவன் மீசையைத் தடவினான்.

“இதை எடுக்கணுமா?”

“எடுக்கணும்.”

“சரி. ஏழு போதுமா?”

பிள்ளை தங்கியது. அங்கம்மா என்று பேர் வைத்தார்கள். மாரிசாமியும் சொன்னபடி வருஷா வருஷம் மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டினான்.

காமன் கூத்துக்குக் கண்டிப்பான முறைகள் உண்டு. கையில் காப்புக் கயிறு கட்டிக்கொண்டவன் அது அவிழ்கிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்பது கீழே ஓடைக்கரையில் மஞ்சள் துணி சுற்றிய கல். சிவனார் மன்மதனை எரித்த மறுநாள் ரதி வெள்ளைச் சேலை கட்டி உட்காருவாள். அதற்கடுத்த நாள் லயம் லயமாய்ப் போய் ஒப்பாரி வைப்பாள். மூன்றாம் நாள் காலையில் மன்மதனை எழுப்புவார்கள். எழுந்தவன் ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான், மற்றவர்களுக்குத் தெரியமாட்டான். அதோடு காப்பு அவிழும். ஈரக்கல்லில் இன்னொரு முறையும் இருந்தது. வெள்ளை கட்டிய புருசனை அவன் பெண்டாட்டி கண்ணால் பார்க்கவும் கூடாது, அவன் ஒப்பாரியைக் காதால் கேட்கவும் கூடாது. உயிரோடு இருக்கிறவன் தாலியறுத்த கோலத்தில் நிற்பதைக் கட்டினவள் பார்த்தால் அது பலித்துவிடும் என்று பயம்.

அதனால் ஆறு வருஷமாய் இராக்கம்மா அந்த நாளில் அழுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது லயத்துப் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு இருப்பார்கள். “ஒம் புருசன் அழுதா கல்லும் கரையும்டி” என்பார்கள். “வீட்டுல அழத் தெரியாதவன் வீதியில அழுவுறான்” என்று இவள் துணியை உதறிக் காயப்போடுவாள்.

இது ஏழாவது வருஷம். ரயில் பண்டாரவளையோடு நின்றுகொண்டிருந்த காலம். தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பதுளைக்குப் போகவேண்டுமானால் கால்நடைதான், இல்லாவிட்டால் தேயிலைப் பெட்டி ஏற்றுகிற மாட்டுவண்டி. வண்டி வெள்ளிக்கிழமைதான் வரும். அன்றைக்குச் செவ்வாய்.

காமனை எரித்த மறுநாள் விடியலில் அங்கம்மாவுக்குக் கழுத்து வீங்கிவிட்டது. இரண்டு நாளாய்த் தொண்டை வலிக்கிறது என்றவள்தான். இப்போது வாயைத் திறக்க முடியவில்லை. எச்சில் கடைவாயில் வழிந்தது. மூச்சு இழுக்கும்போது ஈர விறகு அடுப்பில் சீறுகிற மாதிரி ஒரு சத்தம். படுக்கவைத்தால் அந்தச் சத்தமும் நின்றுவிடுகிறது. நிமிர்த்திப் பிடித்தால்தான் மூச்சு வருகிறது.

இராக்கம்மாவுக்கு அந்த வாரம் கால் வேறு சரியில்லை. விறகுக்கு மிலாறு பொறுக்கப் போன இடத்தில் வெட்டுப்பட்ட தேயிலைக் கட்டை பாதத்தில் ஏறி, பூசணிக்காயாய் வீங்கியிருந்தது. ஆனாலும் பிள்ளையைத் தோளில் சாய்த்து, நொண்டி நொண்டி மருந்துக்காம்பராவுக்குப் போனாள். தோட்டத்து மருந்தையா கரண்டிக் காம்பை வாய்க்குள் விட்டு எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“உள்ள சீழ் கட்டியிருக்கு. கீறி விடணும். எங்கிட்ட அதுக்குக் கத்தியும் இல்ல, கைப்பழக்கமும் இல்ல. பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ. பொழுது சாயுறதுக்குள்ள போயிரணும்.”

“ராத்திரி தாங்காதுங்களா?”

“அதைத்தான் சொல்றேன். நிமித்தியே பிடிச்சுத் தூக்கிட்டுப் போகணும். கீழ சாய்ச்சிராதீங்க.”

ஒன்பது மைல், தோட்டத்துப் பேச்சில் ஒன்பது கட்டை. வெளியே வந்து நின்ற இராக்கம்மா யாரைக் கூப்பிடுவாள்? கழுத்து வீங்கினால் லயத்தில் அதற்கு அம்மை என்றுதான் பேர். மருந்தையா இல்லை என்று சத்தியம் செய்தாலும் பிள்ளைகுட்டி உள்ளவர்கள் கிட்டே வரமாட்டார்கள். கேட்ட இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். அவர்கள்மேல் கோபப்பட்டும் பிரயோசனமில்லை, அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள்தானே இருக்கின்றன. மிஞ்சியது ஒரே ஆள். அவன் காப்போடு காமன் திடலில் இருந்தான்.

அவள் நேரே திடலுக்குப் போனாள்.

பனி விலகவில்லை. எரிந்த மேட்டில் புகை இன்னும் கிளம்பிக்கொண்டிருந்தது. மாரிசாமி அப்போதுதான் வெள்ளைச் சேலையைச் சுற்றி முடித்திருந்தான். பெண்கள் ஓடிவந்து குறுக்கே நின்றார்கள்.

“பாக்காத இராக்கு, பாக்காத.”

“பாத்தாச்சு, வழிய விடுங்க” என்று அவர்களைத் தள்ளிக்கொண்டு போனாள். “ஏய்யா, பிள்ளையப் பாரு.”

மாரிசாமி பிள்ளையை வாங்கித் தோளில் நிமிர்த்திப் போட்டான். காதை அதன் முதுகில் வைத்து மூச்சைக் கேட்டான். மருந்தையா சொன்னதை அவள் சொன்னாள். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதே எருமை முகம்தான்.

“சரி, போறேன்” என்று மணிக்கட்டுக் கயிற்றில் கை வைத்தான்.

கூத்தை நடத்துகிற வாத்தியார் ரெங்கசாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். ரெங்கசாமியும் கவ்வாத்துக்காரன்தான். மாரிசாமிக்குப் பக்கத்து நிரைக்காரன், ஒரே வயசு.

“அவுக்காத மாரி. நான் தடுக்கல. ஆனா யோசிச்சுக்க. யாருக்கு நேந்த காப்பு இது?”

“இந்தப் பிள்ளைக்கு.”

“ஏழாவது வருசம். இன்னும் ரெண்டு நாள்ல நேத்தி முடியுது. இந்தப் பிள்ளை உசுருக்குக் கட்டுன காப்பைப் பாதியில அவுத்துப்புட்டு, இதே பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு எல்லையத் தாண்டுனா...”

மிச்சத்தைச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. போகாவிட்டால் ராத்திரி தாங்காது. போனால் சாமி விடாது. தன் வாயால் நேர்ந்த நேர்ச்சை தன் பிள்ளைக்கே சுருக்காய் வந்து நிற்கிறதே என்று இராக்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளையின் மூச்சு சீறிக்கொண்டே இருந்தது.

“மாத்திக் கட்டலாமா?” என்று கேட்டாள்.

“ஒரே அடுப்புல சோறு தின்றவங்க கையில மாத்தலாம். மாரிக்கு இங்க அண்ணன் தம்பி ஏது?”

“நான் அந்த அடுப்புலதானே திங்கிறேன்.”

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். “பொம்பள வேசம் கட்டுனதா நம்ம வழக்கத்துல இல்லையே ஆத்தா.”

“ஆம்பள பொம்பள வேசம் கட்டலாம். பொம்பள பொம்பள வேசம் கட்டக் கூடாதா?”

பின்னால் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரெங்கசாமி சிரிக்கவில்லை. “வெள்ளை கட்டணும் இராக்கம்மா. கழுத்துல தாலி, புருசன் உசுரோட ரோட்டுல போறான், நீ வெள்ளை கட்டி ஒப்பாரி வைக்கணும். யோசி.”

மாரிசாமி அப்போதுதான் வாய் திறந்தான். “வேணாம் புள்ள.”

அவன் ஒன்றை வேணாம் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவளுக்கு மட்டும் பயமில்லையா? வெள்ளையைப் பார்ப்பதே பலித்துவிடும் என்றால் உடுத்துவது என்ன செய்யும்? பிள்ளையை நினைத்தாள். இடது கையை ரெங்கசாமி முன்னால் நீட்டினாள்.

“நேந்தவ நான். எனக்கே கட்டு. ஏய்யா, நீ பேசாமச் சேலைய அவுத்துக் குடுத்துட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு நட.”

கயிறு கை மாறியது. மாரிசாமி வேட்டியைக் கட்டி, கம்பளியால் பிள்ளையைப் போர்த்தி, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கினான். மஞ்சள் துணி சுற்றிய கல்லைத் தாண்டும்போது திரும்பிப் பார்ப்பான் என்று அவள் நினைத்தாள். அவன் பார்க்கவில்லை. நாலு எட்டில் பனி அவனை மூடிவிட்டது.

ரதி வேலை செய்யக் கூடாது. பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது கொண்டுவந்து கொடுக்கிறதைச் சாப்பிட வேண்டும். இராக்கம்மாவுக்குப் பிறந்த நாள்தொட்டு அப்படி உட்கார்ந்து பழக்கமில்லை. கை குறுகுறுத்தது. இப்போது எங்கே போய்க்கொண்டிருப்பான்? வளைவு தாண்டியிருப்பானா? பிள்ளை சாய்ந்துவிடாமல் பிடிப்பானா, இல்லை ‘இவ்வளவு தூரம் போதும்’ என்று எங்காவது மரத்தடியில் குந்திவிடுவானா? அவனை நம்பித்தான் அனுப்பியிருக்கிறாள், ஆனால் நம்பிக்கை வரவில்லை. ஓடலாம் என்றால் காலும் இல்லை, கையில் காப்பு.

மத்தியானம் தப்பு வைக்கிற கொட்டிலில் ரெங்கசாமி அவளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தான். அவளுக்குக் குரல் உண்டு. கொழுந்து மலையில் பாடுகிறவள்தான். ஒரு தரம் சொன்னால் பிடித்துக்கொண்டாள்.

மல்லியப்பூ மெத்தையில
மாரன் படுத்தெழுந்த எடம்
சாம்பலாப் போச்சுதய்யா
சங்கரரே நாயந்தானா

இப்படியே பதினெட்டுக் கண்ணி. கடைசிக்கு வந்ததும் ரெங்கசாமி வெற்றிலையைத் துப்பினான்.

“இன்னும் கொஞ்சம் இருக்கு. அது ஏட்டுல இல்ல. மாரி தானாச் சேத்துக்கிட்டது. வேணும்னா விட்டுறலாம்.”

“ஏழு வருச நேத்தி. அவரு பாடுனதுல ஒரு வரியும் கொறைய வேணாம். சொல்லு.”

ரெங்கசாமி கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

பேசக் கத்துக்கிட்டுப்
பறந்த கிளி பேச்சியெங்கே
வாசப்படி தவந்துவந்த
முத்துக் கருப்பனெங்கே
கண்ணு முழிச்சறியாக்
கைக்குழந்தை பூவாயி
மூணுபேரும் போனவழி
முள்ளு மொளச்சுப் போச்சுதய்யா

பேச்சி அவள் பிள்ளை. முத்துக்கருப்பன் அவள் பிள்ளை. ஒன்பது வருஷமாய் அந்தப் பேர்களை வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொன்னால் தாங்காது என்று அவளே வாயைக் கட்டி வைத்திருந்தாள். அவனுக்கு மறந்தே போயிற்று என்று நினைத்திருந்தாள்.

“பூவாயி யாரு?” என்று கேட்டாள்.

ரெங்கசாமி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். “ஒங்க மூணாவது பிள்ளதானே?”

“அதுக்கு நாங்க பேரு வைக்கலையே.”

“எனக்கென்ன தெரியும்? ஆறு வருசமா இப்படித்தான் பாடுறான். லயத்துல அம்புட்டுப் பேருக்கும் தெரியும். பொம்பளைங்க அழுவுறதே இந்த எடத்துலதான்.” அவன் குரல் இறங்கியது. “ஒனக்குத் தெரியாதா?”

அவளுக்கு எப்படித் தெரியும்? தோட்டமே கேட்டது. கேட்கக் கூடாதவள் அவள் ஒருத்திதான். ஒவ்வொரு வருஷமும் அவன் அந்தப் பேர்களைச் சொல்லி அழுகிற நேரத்தில் அவள் ஓடையில் குனிந்து அவன் வேட்டியைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் புதன்கிழமை. வெள்ளையைக் கட்டி, தாலியைச் சேலைக்குள் மறைத்து, ஊன்றுகோலோடு லயம் லயமாய்ப் போனாள். முன்னால் தப்பு. மேல் லயம், நடு லயம், கீழே பணிய லயம். வேசம் கட்டியவளைப் பார்க்கிற பார்வை எப்படியிருக்கும் என்று பயந்திருந்தாள். ஒருவரும் வேடிக்கை பார்க்கவில்லை. படியில் நின்று பாடினாள். மன்மதனுக்காக அழுகிற வரைக்கும் குரல் நேராக இருந்தது. பேச்சி வந்தது, பாடினாள். முத்துக்கருப்பன் வந்தான், பாடினாள். மூன்றாவது பேரில் நிறுத்திவிட்டாள். அந்தப் பிள்ளையைப் பேர் சொல்லி அவள் கூப்பிட்டதே கிடையாதே. தப்புக்காரன் அடியை நிறுத்தாமல் மெதுவாகத் தட்டிக்கொண்டே காத்திருந்தான்.

“பூவாயி” என்றாள். பாட்டாக வரவில்லை. கூப்பிடுகிற மாதிரிதான் வந்தது.

அதற்குப் பிறகு அழுதாள் பாருங்கள், ஒன்பது வருஷத்து அழுகை. பக்கத்துக் காம்பராக்காரி வந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். மூன்று லயத்திலும் அழுது முடித்துப் பாயில் வந்து உட்கார்ந்தபோது நெஞ்சுக்குள் கம்போடு துரத்திக்கொண்டிருந்தவன் எங்கேயோ நின்றுவிட்டிருந்தான். பசித்தது. யாரோ வைத்த குரக்கன் கூழையும் கருவாட்டையும் வழித்துச் சாப்பிட்டாள். அங்கேயிருந்து பார்த்தால் அவள் காம்பரா தெரிந்தது. கூரைத் தகரத்தில் மழை நின்று வெயில் விழுந்திருந்தது. வாசலில் அவன் போட்ட கீரைப்பாத்தி பச்சென்று இருந்தது. அந்தப் பாத்தி அவ்வளவு பெரிசு என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. பிள்ளை மட்டும் திரும்பி வந்துவிட்டால் வேறு ஒன்றும் வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது.

பொழுது சாயும் முன்னே பதுளையிலிருந்து அலவி வந்தார். துணி மூட்டையைத் தலையில் வைத்துத் தோட்டம் தோட்டமாய் நடக்கிற வியாபாரி. இருபது வருஷமாய் அந்த வழியில் போய்வருகிறவர், தோட்டத்துக்கெல்லாம் அவர் ‘நானா’, அதாவது அண்ணன். மூட்டையை இறக்காமலே அவளைத் தேடி வந்தார். வெள்ளைச் சேலையைப் பார்த்து ஒரு நிமிஷம் திடுக்கிட்டு, கையில் காப்பைப் பார்த்து ஆறுதலானார்.

“நல்ல சேதி தங்கச்சி. புள்ளக்கி ஒண்டும் இல்ல. நேத்துப் பின்னேரமே கீறியாச்சு. இண்டைக்கிக் காலையில கஞ்சி குடிச்சா.”

இராக்கம்மா மூட்டையைத் தாங்குகிறவள் போல அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “மெய்யாவா நானா? நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“அல்லாஹ் அறிய, என்ட கண்ணால பாத்தன். ஆஸ்பத்திரி வாசல்ல ஒங்கட மாப்புளயக் கண்டுதான் உள்ளுக்குப் போனன். அந்த மனுசனுக்கு என்ன நடந்த? ஒம்பது கட்டையும் புள்ளய ஒரு தோள்லயே நிமித்திப் புடிச்சிக்கிட்டு, ஒரு எடத்துலயும் நிக்காம வந்தீக்காரு. தோள மாத்தினா மூச்சு நிண்டிடும் எண்டு பயந்தாராம். கை மடங்க மாட்டேங்குது. கீறக்குள்ள புள்ள அழல்ல. வாசல்ல நிண்டு இவருதான் அழுதாரு.”

“அழுதாரா?”

“வாசல்ல நிண்ட சனமெல்லாம் பாத்திச்சு. ராவெல்லாம் அதே படியிலதான். காலையில நான் ஒரு ரொட்டி வாங்கிக் குடுத்தன். பாதியத் தின்னுட்டுப் போதும் நானா எண்டாரு. மிச்சத்த வேட்டித் தலப்புல முடிஞ்சிக்கிட்டாரு. ஏன் எண்டு கேட்டன். நான் சாப்புடாட்டி அவ சாப்புட மாட்டா, நான் முழுசாத் தின்னாலும் அவளுக்கு மிஞ்சாது எண்டு சொல்றாரு. ஒம்பது கட்டைக்கு அப்பால ஈக்கிற பொண்டாட்டிக்கு ரொட்டி முடியிறாரு. பைத்தியம் புடிச்சிட்டு எண்டு நெனச்சன்.”

அலவி சிரித்தார். இராக்கம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு வேறொரு தட்டு ஞாபகம் வந்தது. இரண்டு வாய் தின்றுவிட்டு அவள் பக்கம் நகர்த்தி வைத்த தட்டு. மூன்று நாள் பட்டினி கிடந்தவளை “சாப்பிடு” என்று சொல்லியிருந்தால் சாப்பிட்டிருப்பாளா? தட்டைத் தூக்கி எறிந்திருப்பாள். எத்தனை ‘போதும்’ அப்படி? கணக்குப் பார்க்கப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் மன்மதனை எழுப்பினார்கள். மேட்டில் புதுக் கரும்பும் பூவும் நட்டு, ரெங்கசாமி பாட, இராக்கம்மா எதிரே நின்று தன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறவனைப் பார்த்துக் கும்பிட்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். ரெங்கசாமி காப்பை அவிழ்த்துச் சாம்பலில் போட்டான்.

“ஏழும் முடிஞ்சுது இராக்கம்மா. நேத்தி கழிஞ்சுது.”

அவள் வெள்ளையைக்கூட மாற்றவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள். ஓடைக்கரைக்குப் போய்ச் சேரும்போது எதிர்க்கரையில் மாரிசாமி வந்துகொண்டிருந்தான். அங்கம்மா அவன் தோளில் இருந்தாள். கழுத்தில் வெள்ளைத் துணிக் கட்டு. ஆளே பாதியாய் இளைத்திருந்தாள், ஆனால் வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் கையை ஆட்டினாள்.

மாரிசாமி எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டான். வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

“காப்பு அவுத்தாச்சா?”

“ஆச்சு.”

“அப்ப அதை மாத்திக்கிட்டு வரக்கூடாதா புள்ள? என்னால பாக்க முடியல.”

அவன் அப்படியே திரும்பி நின்றான். மூன்று நாள் தாடி. மழித்த மீசை முள்ளாய் முளைத்திருந்தது. பிள்ளையைப் பிடித்திருந்த கை இன்னும் மடங்காமல் விறைப்பாய் இருந்தது. கேட்க அவளுக்கு ஆயிரம் இருந்தது. பிள்ளைக்கு வலிக்கிறதா, கட்டை எப்போது அவிழ்க்கவேண்டும், இனி என்ன கொடுக்கலாம். ஒன்றையும் கேட்கவில்லை.

“ஏய்யா. பூவாயின்னு எப்ப பேரு வச்ச?”

ஓடைத் தண்ணீர் கல்லில் மோதிப் போய்க்கொண்டிருந்தது. அவன் மலையைப் பார்த்துத்தான் சொன்னான்.

“குழியில வைக்கையில. மண்ணு தள்ளணும். போயிட்டு வா தாயின்னு சொல்லணும்ல. கூப்புட ஒரு பேரு வேணாமா?”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ பதினாறாம் நாளு வைக்கலாம்னு ஒரு பேரு நெனச்சு வச்சிருப்ப. அது எனக்குத் தெரியாது. தப்பா வச்சுட்டேனோன்னு பயம்.”

அவள் ஓடையில் இறங்கினாள். தண்ணீர் குளிர்ந்து, வீங்கிய காலுக்கு இதமாக இருந்தது. அக்கரை ஏறி, அவன் விறைத்த கையிலிருந்து பிள்ளையை வாங்கித் தன் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டாள். அங்கம்மா வாயில் காய்ந்த ரொட்டி மணத்தது.

“நல்ல பேருதான்யா” என்றாள்.

மாரிசாமி ஓடையில் குனிந்து முகத்தைக் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான். பிறகு துண்டால் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவனைப் போல, “சோறு இருக்கா புள்ள?” என்று கேட்டான்.

“இருக்கு. நடு லயத்துல குடுத்தாங்க, நெறைய இருக்கு. ஆனா இன்னிக்கு நான் சொல்றவரைக்கும் நீ போதும்னு சொல்லக் கூடாது.”

அவன் சரி என்றான். அவள் முன்னால் நொண்டிக்கொண்டு நடந்தாள்.